தினா ஒரசி, சாக்கு

ஹெப்பகோடி
20-7-97, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு, வனஜா எழுதுவது.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நலம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியிலிருந்து புலம்பினால் நன்றாக இருக்காது, அதனால் என் நலத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. வலது காலில் வைத்த கம்பி நன்றாகப் பிடித்துவிட்டது, பயப்படாமல் தினமும் நடக்கலாம் என்று வேலூர் டாக்டர் கட்டுப் பிரித்த அன்று என் எதிரில்தான் சொன்னார். ஐந்து வாரம் ஆகிறது. நடக்கிறீர்களா? எவ்வளவு தூரம்? அத்தையைக் கேட்டால் பிள்ளை பத்திரமாகக் கட்டிலிலேயே இருக்கிறான் என்று பெருமையாகச் சொல்வார்கள். அவர்களுக்குத் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நேரம் ஆகவில்லை, ஐந்து வரிதானே. ஆகஸ்ட் கடைசியில் வீட்டைக் காலி செய். என் கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கும் தேசிகன் சார் பத்தாம் தேதி வந்து யெஸ்டி வண்டியைப் பார்ப்பார், அவருக்கே விற்றுவிடு. அதுவரை வண்டியின் பாலிஷ் கெடாமல் பார்த்துக்கொள். குடியாத்தம் வந்துவிடு, சித்தப்பாவின் லுங்கிக் கடையில் உட்கார்ந்த வேலை இருக்கிறது. இந்தக் காலை வைத்துக்கொண்டு கிக்கரை எப்படி மிதிப்பேன். இப்படிக்கு சிவசங்கரன். அவ்வளவுதான். மனைவிக்கு எழுதியதா, வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதியதா என்று சந்தேகமாகிவிட்டது.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. ஏப்ரலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வீட்டை விடாதே, நான் மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னது நீங்கள். அதை நம்பித்தான் தெரியாத ஊரில், பாஷை புரியாத இடத்தில், ரெடிமேட் கம்பெனியில் காலர் தைக்கச் சேர்ந்தேன். இப்போது ஒரு நாளைக்கு முந்நூறு காலர் தைக்கிறேன். கல்யாணம் முடிந்து இந்த வீட்டில் உங்களோடு இருந்தது அறுபத்து நான்கு நாள். நீங்கள் மாடியில் ஆன்டெனா திருப்பப் போய் விழுந்த பிறகு உங்கள் வண்டியோடு இருப்பது எண்பத்தொன்பது நாள். உங்களைவிட அதை எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஆகிவிட்டது.

செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குள் வேலையில் சேராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று உங்கள் கம்பெனியிலிருந்து வந்த தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். அதைப் படித்ததிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. வீட்டைப் பெருக்கினதையே திரும்பப் பெருக்குகிறேன். துணைக்கு என்னோடு தங்கியிருக்கும் ஜூடித்தும் இல்லை. அவள் தம்பி டென்சிலுக்குக் கல்யாணம் என்று இரண்டு வாரம் லீவு போட்டு ஜீவனஹள்ளிக்குப் போயிருக்கிறாள். பேச ஆளில்லை.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மழைக்காக மூடச் சொன்ன பிளாஸ்டிக் தாள் இருக்கிறதே, அதை எடுத்துப் பார்த்தால் டேங்க் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்ளே ஈரம் தங்கிவிட்டது போல. பயந்துபோய்ப் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மெக்கானிக் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டு வந்தேன். அவர் ஒரு சின்ன டப்பாவிலிருந்து சந்தனம் மாதிரி எதையோ விரலால் எடுத்து, வெள்ளை இருந்த இடத்தில் லேசாகத் தேய்த்துத் துடைத்தார். அந்த இடத்தில் என் முகம் தெரிந்தது. இனிமேல் நான் என்ன செய்ய வேண்டும் என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டேன். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே, ‘தினா ஒரசி, சாக்கு’ என்றார். இத்தனை நாளில் ஒரு கன்னட வாக்கியம் முழுதாக எனக்குப் புரிந்தது அதுதான். தினமும் சாக்கு வைத்து உரச வேண்டும். டப்பாவையும் வைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவு பளபளப்பான வண்டிக்குச் சாக்கா என்று முதலில் யோசித்தேன். ஆனால் பெங்களூர்க்காரர்கள் ராகியையே உருண்டை பிடித்து மெல்லாமல் விழுங்குகிறவர்கள், இங்கே எல்லாமே வேறு மாதிரிதான். மளிகைக் கடையில் ஒரு கோணிச் சாக்கு வாங்கி, நான்காக வெட்டி, வேலையிலிருந்து வந்ததும் தினமும் ஒரு மணி நேரம் அந்த மருந்தைத் தடவி உரசுகிறேன். உரசும்போது மனசு கொஞ்சம் அடங்குகிறது. எவ்வளவு அழுக்கு தெரியுமா, சாக்கு முழுக்கச் சிவப்பாக வருகிறது. உங்கள் வண்டிக்குள் இத்தனை அழுக்கு இருந்தது உங்களுக்கே தெரிந்திருக்காது.

வீட்டைக் காலி செய்வது பற்றி நான் இன்னும் வீட்டுக்காரரிடம் பேசவில்லை. உங்கள் அடுத்த கடிதம் ஐந்து வரிக்கு மேல் இருக்கட்டும். காலைப் பற்றி எழுதுங்கள். நான் நலம், சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வனஜா


ஹெப்பகோடி
28-7-97, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நீங்கள் எப்படியும் அங்கேதான் இருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

ஜூடித் இன்று கல்யாண கேக்கோடு திரும்பி வந்தாள். நான் வாசலில் வண்டியோடு இருந்தேன். என் கையில் சாக்கைப் பார்த்து, இது எதுக்கு என்று கேட்டாள். மஞ்சுநாத் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினேன். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே, ‘ஐயோ வனஜா, சாக்கு இல்லமா, சாகு. போதும்னு அர்த்தம். ஒரசின்னா தொடைங்கன்னு. டெய்லி தொடச்சா போதும்னு சொல்லிக்கிறாரு, நீ இன்னா பண்ணி வச்சிருக்கே’ என்றாள். அப்புறம் டேங்க்கைக் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா, அது அழுக்கு இல்லை. சாக்கில் வந்தது பெயின்ட். டேங்க்கின் இடது பக்கம், நான் வசதியாக நின்று உரசுகிற பக்கம், உள்ளங்கை அளவுக்கு மேல் பெயின்ட் போய் அடியில் இருக்கிற செங்காவிப் பூச்சு தெரிகிறது. தங்கக் கோடு இரண்டில் ஒன்று பாதிக்கு மேல் இல்லை. மற்ற இடமெல்லாம் பொடிப் பொடியாகக் கீறல். பளபளப்பு குறைகிறதே என்று மூன்று நாளாகவே சந்தேகம் இருந்தது. இன்னும் நன்றாக உரச வேண்டும் போல என்று இன்னும் அழுத்தி உரசினேன்.

அந்த மருந்தை மஞ்சுநாத் எனக்காக வைக்கவில்லையாம், மறந்து வைத்துவிட்டுப் போனாராம். ஜூடித்தோடு போய் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். முழுக் காலி. அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே வண்டியைப் பார்க்க வந்துவிட்டார். பார்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெயின்ட் தொட்டு வைத்து ஓரளவு மறைத்துத் தருகிறேன், தேசிகன் சார் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று சொல்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. போன வாரக் கடிதத்தில் சாக்கைப் பற்றி எவ்வளவு பெருமையாக எழுதினேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. அது இந்நேரம் உங்களுக்கு வந்திருக்கும். என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதலாம். ஆனால் மன்னித்தாலும் பெயின்ட் வராது.

உங்கள் அருமை வண்டியைக் கெடுத்த,
வனஜா


ஹெப்பகோடி
10-8-97, ஞாயிறு

என் அன்பான மாமாவுக்கு,

என் சாக்குக் கடிதத்துக்கு உங்கள் பதில் ஒன்றாம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுதாமல் பத்து நாள் இருந்ததற்குக் காரணம் பயம் இல்லை. இன்று தேசிகன் சார் வந்து போகட்டும் என்று காத்திருந்தேன். இப்போது அவர் போய்விட்டார், எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடிதம். நான்கு பக்கம். இரண்டு பக்கமும் எழுதிய தாள், ஓரத்திலும் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் இத்தனை வார்த்தை மொத்தமாகப் பேசியதில்லை. சாக்கு என்று எழுதின இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. ‘அது கம்பெனி பெயின்ட்டுடி, இருபது வருஷம் வெயிலும் மழையும் தாங்கினது, உன் ஒரு வாரத்தைத் தாங்காது, உடனே நிறுத்து’ என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்துத் தெருப் பையனைச் சைக்கிளில் அனுப்பித் தபால் பெட்டியில் போடச் சொன்னேன் என்றும் இருந்தது. முதல் முறை படித்து அழுதேன். இரண்டாம் முறை படிக்கும்போது அழுகை நின்றுவிட்டது. மூன்றாம் முறை ஜூடித்துக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள், விற்கப்போற வண்டிக்கு உன் புருஷனுக்கு எதுக்குமா இத்தனை கோபம் என்று. அதையேதான் நானும் உங்களிடம் கேட்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருந்தபடியே எல்லாம் செய்துவிட்டேன். வெயிலில் நிறுத்தாமல் நிழலில் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவினேன். தூசியோடு துணி வைக்கக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. உங்கள் பழைய பனியனை இரண்டு முறை துவைத்துத் தையல் பக்கத்தை வெட்டி எறிந்தேன். மெழுகுப் பாலிஷைச் சுண்டைக்காய் அளவு எடுத்து, வட்டமாகத் தேய்க்காமல் நீளவாக்கில் தடவி, புகை மாதிரி காய்ந்ததும் வேறு துணியால் எடுத்தேன். சைலன்சரில் துருப் புள்ளி இருந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ஊற விட்டேன். தங்கக் கோட்டின் மேல் விரல்கூடப் படவில்லை. வலது பக்கம் இப்போது பார்த்தால் ரோஜா நிறத்துக்கு மேல், அடர்ந்த சிவப்பு. அதில் பார்த்துத் தலை வாரலாம். இடது பக்கம் அப்படியேதான் இருக்கிறது.

இடது பக்கத்தைப் பற்றி ஓர் உண்மை சொல்ல வேண்டும். மஞ்சுநாத் மறைத்துத் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தேசிகன் சார் கம்பெனி பெயின்ட் இருக்கிற பழைய வண்டியை மட்டும்தான் வாங்குவார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவர் அந்த இடத்தைப் பார்த்து வேண்டாம் என்று போகட்டும், பழி என் சாக்கின் மேல் விழட்டும், வண்டி நம்மோடு இருக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். இன்று காலையில் இடது பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்தியதும் நான்தான்.

இதற்கு நடுவில் இன்னொன்று. புதன்கிழமை மஞ்சுநாத் வண்டி ஓடாமல் இருந்தால் என்ஜின் இறுகிவிடும் என்று ஸ்டார்ட் செய்து பார்க்க வந்தார். சீட்டில் உட்கார்ந்து இடது காலால் கிக்கரை மிதித்தார். இரண்டாவது மிதிக்கே பிடித்துக்கொண்டது. நான் கிக்கரின் பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். ஜூடித்தை வைத்துக்கொண்டு கேட்டேன், எல்லா வண்டியிலும் வலது பக்கம்தானே கிக்கர் என்று. மற்ற வண்டியில் அப்படித்தான், யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே கம்பி, இரண்டும் இடது பக்கம், வலது காலுக்கு பிரேக் மிதிக்கிற வேலை ஒன்றுதான் என்றார். நீங்கள் நான்கு மாதமாகச் செய்வதும் அது ஒன்றைத்தானே மாமா.

இந்தக் காலை வைத்துக்கொண்டு கிக்கரை எப்படி மிதிப்பேன் என்று எனக்கு எழுதினீர்கள். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவள்தானே, நம்பிவிடுவாள் என்று நினைத்து எழுதினீர்கள். நம்பினேன். இந்த ஊரில் சாக்கு என்ற சொல்லுக்குப் போதும் என்று அர்த்தம், கடையில் கேட்டால் கோணி தருவார்கள். நம் ஊரில் அதற்கு இன்னோர் அர்த்தமும் இருப்பது உங்களுக்குத் தெரியாததா. உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். மாடியிலிருந்து விழுந்தவருக்குப் பயம் இருக்காதா? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸைத் தவற விட்டால் ஓசூர் ரோட்டில் நிற்கப் பயம், வீட்டுக்காரர் கன்னடத்தில் ஏதாவது கேட்டால் பயம், உங்கள் ஐந்து வரிக் கடிதத்தைப் பிரிக்கப் பயம்.

இன்றைய கதைக்கு வருகிறேன். தேசிகன் சார் பத்து மணிக்கு வந்தார். காபி கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். வலது பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். இடது பக்கம் வந்ததும் ஐயையோ என்றார். நடந்ததைச் சொன்னேன். மனிதர் நல்லவர், சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. ஆனால் அவர் குனிந்து என்ஜினைப் பார்த்துவிட்டு, ‘பரவால்லமா, என்ஜின் தங்கமா இருக்கு. டேங்க்கை மொத்தமாச் சுரண்டிட்டுக் கருப்பு அடிச்சுக்கறேன். இன்னிக்கே எடுத்துக்கட்டுமா’ என்று கேட்டார். சாவிக்காகக் கையையும் நீட்டினார்.

நான் போட்ட கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. சாக்கு என்னைக் காப்பாற்றவில்லை. சாவி என் கையில்தான் இருந்தது. இது விற்பனைக்கு இல்லை சார், நானும் அவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சேர்ந்து எடுக்கவில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. நீங்கள் விற்கச் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் மறுத்ததும் நல்ல தமிழில்தான். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள், அத்தனையும் என் பேருக்கே.

அவர் கோபப்படவில்லை. போகும்போது ஒன்று சொன்னார். உங்களை மெஷினில் நிற்க வைக்க மாட்டார்களாம், டூல் ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு உங்கள் சூப்பர்வைசர் பெயர் எழுதி வைத்திருக்கிறாராம். சிவசங்கரன் வருவானா என்று ஸ்டோர்ஸில் எல்லாரும் கேட்கிறார்களாம். வருவார் என்று அதற்கும் நானே பதில் சொல்லிவிட்டேன். இன்று உங்களைக் கேட்காமல் நிறையப் பேசிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் காலி செய்வதில்லை என்றும் சொல்லியாயிற்று. அவர் ஏதோ நீளமாகச் சொன்னார், எனக்குப் புரியவில்லை, முகத்தைப் பார்த்தால் சந்தோஷம் மாதிரிதான் இருந்தது. எதற்கும் ஜூடித்தைக் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.

அத்தையிடம் நீங்களே பேசுங்கள். அவர்களுக்குப் பிள்ளை கட்டிலில் இருந்தால் பத்திரம். மகனை மறுபடி பெங்களூருக்கு அனுப்ப அவர்கள் மனசு பதறும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அவர்களும் கூட வந்து ஒரு மாதம் இருக்கட்டும். குளிருக்குப் போர்வை இருக்கிறது. அவர்களுக்கு நான் செய்கிற ரசம் பிடிக்காது, அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் பதினைந்து, கம்பெனி லீவு. காலையில் முதல் பஸ் பிடித்து வருகிறேன். ஆம்பூரில் மாறிக் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் இறங்க மதியம் ஒரு மணி ஆகும். ஆட்டோ எடுத்து வீட்டுக்கு வர மாட்டேன். சித்தப்பா வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன், அத்தை வந்து அழுதாலும் வர மாட்டேன். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எட்டு நிமிஷ நடை. உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகட்டும், நடுவில் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், கம்பு ஊன்றிக்கொண்டு வாருங்கள், யார் தோளையாவது பிடித்துக்கொண்டும் வாருங்கள். ஆனால் நடந்து வாருங்கள். ஆம்பூர் பஸ் நிற்கிற இடத்தில் நான் இருப்பேன். திரும்பிப் போகிற கடைசி பஸ் ஐந்தரைக்கு. அதில் தனியாக ஏற எனக்கு மனசு வராது. ஏற வைத்துவிடாதீர்கள் மாமா.

வழி பார்த்து நிற்கும்,
வனஜா